பத்துப் பவுன் சண்டை

மந்தக்கோட்டைக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு காலத்தில் அங்கே பெரிய மாட்டு மந்தை இருந்ததால்தான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. மாடுகள் எப்போதோ போய்விட்டன, பெயருக்குக் காரணமானவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. கதையைக் கேட்டுவிட்டு எந்தக் கட்சியில் சேர்வது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

அந்த ஊரில் தையல்காரன் கொளஞ்சி என்று ஒருவன். வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடச் சீருடை தைப்பான். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மட்டும் அளவெடுத்து, அதே அளவில் நாற்பது பேருக்கும் தைத்துக் கொடுப்பான். சீருடை என்றால் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டாமா என்று கேட்பான். இப்படிப்பட்டவனை நம்பி யாரும் ஒரு பொறுப்பையும் கொடுத்ததில்லை. அவன் மனைவி வெளியே போகும்போது, கொளஞ்சி வீட்டிலேயே இருந்தாலும், சாவியைப் பக்கத்து வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போவாள். அது அவனுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊர்க்கோடியில் மூடிக்கிடந்த நெல் அரவை மில்லில் டென்சிங் மாஸ்டர் என்பவர் ஒரு கூடம் திறந்து, 'எம்.எம்.ஏ. பயிற்சிக் கூடம்' என்று போர்டு மாட்டினார். கொளஞ்சி அந்த போர்டின் கீழே வெகுநேரம் நின்றான்.

"எம்.ஏ.வே பெரிய படிப்பு. இதுல ஒரு எம் கூட இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்துவிட்டான். அவனோடு அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்தார்கள். பம்பு செட் மெக்கானிக் தனவேல். சைக்கிளில் முட்டை விற்கும் அஞ்சாப்புலி. மூன்றாவது ஆள் பாவாடை, ஐம்பத்திரண்டு வயசு, கோர்ட்டில் டவாலியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். நீதிபதிக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர் என்பதால் சட்டம் முழுக்க அவருக்குத் தெரியும் என்று மற்ற மூவரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

முதல் நாள் விலாவில் உதை வாங்கிய பிறகுதான், இது குத்துச்சண்டை, மல்யுத்தம், உதை, பிடி எல்லாவற்றையும் கலந்து போடும் சண்டை என்று நால்வருக்கும் தெரிந்தது. பிடியில் மாட்டிக்கொண்டவன் தரையைத் தட்டினால் தோற்றுவிட்டான் என்று அர்த்தம், உடனே விட்டுவிட வேண்டும் என்பதையும் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். விலகிப் போக வெட்கப்பட்டுக்கொண்டு நால்வரும் எட்டு மாதமாக உதை வாங்கிவந்தார்கள். அந்தக் கூடத்துக்கு வேறு மாணவர்களும் கிடையாது.

அப்போதுதான் மாவட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூடத்தைச் சோதிக்க ஒரு பார்வையாளர் வருவார். கூடத்தில் உள்ள சண்டை வீடியோக்களில் ரசிகர்கள் பார்த்து மகிழத் தக்கது எது, மாணவர்கள் பார்த்துக் கற்கத் தக்கது எது என்று தரம் பிரித்துப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். மாணவர்கள் அதிலிருந்து கற்றதைச் செய்து காட்ட வேண்டும். திருப்தி என்றால் அங்கீகாரம். இல்லையென்றால் கூடத்தை மூட வேண்டியதுதான். வைக்கோல் அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்த மில்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

மாஸ்டருக்கோ முழங்காலில் ஆபரேஷன். அன்றைக்கே பாண்டிச்சேரி போயாக வேண்டும், ஞாயிறு காலைதான் திரும்ப முடியும். வேறு வழியில்லாமல் கொளஞ்சியைக் கூப்பிட்டார். முப்பத்திரண்டு சி.டி. அடங்கிய அட்டைப்பெட்டியை அவன் கையில் கொடுத்தார். அலமாரியிலிருந்து அவசரமாக அள்ளிப் போட்டதில் தன்னுடைய கல்யாண சி.டி.யும் அதற்குள் வந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

"கொளஞ்சி, உன்னை நம்பித்தான் போறேன். ஒவ்வொண்ணையும் நல்லா அலசுங்க. எடை போடுங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க. சும்மா ரத்தம் தெறிக்கிறதையெல்லாம் தள்ளிடுங்க. ரசிகருக்கு எது, மாணவருக்கு எதுன்னு பிரிச்சு எழுதி வை. இந்தக் கூடம் இருக்கறதும் போறதும் இனி உன் கையில."

'உன்னை நம்பி' என்ற சொல்லைக் கொளஞ்சி வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டான். அவன் கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் சொன்னதில் ஒரு சொல்லையும் சிந்தவிடாமல் தன் அளவு நோட்டில் எழுதிக்கொண்டான். அழிவுகாலம் அந்த நோட்டில்தான் ஆரம்பமாயிற்று.

மறுநாள் காலை மில்லுக்குள் பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீர் நிரப்பினார்கள்.

"சோப்பு போடணுமா?" என்று அஞ்சாப்புலி கேட்டான்.

"துவைக்கச் சொல்லியிருந்தா சோப்பு. அலசத்தானே சொல்லியிருக்காரு. அலசறதுன்னா வெறும் தண்ணி" என்றார் பாவாடை.

"எத்தனை தண்ணி?"

"மூணு தண்ணி. துணிக்கு அதுதான் முறை" என்றான் கொளஞ்சி. துணி விஷயத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மூன்று தண்ணீரில் அலசினார்கள். முப்பத்தோரு சி.டி.க்கள் காகித உறையில் இருந்தன. அவற்றின் மேல்தான் யார் யாரோடு மோதியது, எந்த வருஷம், எந்தப் பிடியைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் மாஸ்டர் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முதல் தண்ணீரில் எழுத்து போயிற்று. இரண்டாவது தண்ணீரில் உறை போயிற்று. மூன்றாவது தண்ணீர் கஞ்சி போல ஆயிற்று.

"எவ்வளவு அழுக்கு பார்த்தியா மச்சான்" என்றான் தனவேல். "மாஸ்டர் சும்மா சொல்லமாட்டாரு."

ஒன்று மட்டும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்ததால் தப்பித்தது. பெட்டி மேல் தங்க எழுத்தில் 'டென்சிங் – அமிர்தவல்லி' என்று இருந்தது.

கொளஞ்சி அதை இரண்டு தடவை படித்தான். "இது மாஸ்டரே மோதின சண்டைடா. எதிராளி பேரு அமிர்தவல்லி."

நால்வரும் மரியாதையாக ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். மாஸ்டரின் மனைவியை அவர்களுக்கு எட்டு மாதமாகத் தெரியும். ஆனால் அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதனால் அவர் பெயர் டீச்சர் என்றே எண்ணியிருந்தார்கள்.

அடுத்தது எடை. காய்கறிக்கடைத் தராசில் ஒற்றை சி.டி.க்கு முள் அசையவே இல்லை. ஆகவே நகைப் பட்டறை கஜபதி ஆசாரியிடம் போனார்கள். ஆசாரி ஒரு சி.டி.யைத் தராசில் வைத்துப் பார்த்தார்.

"பதினாறு கிராம். ரெண்டு பவுன் எடை."

கொளஞ்சி நோட்டில் எழுதினான். அடுத்ததும் இரண்டு பவுன். அதற்கடுத்ததும் அப்படியே. ஏழாவதை வைக்கும்போது ஆசாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் ஒரே எடைதான்டா. எதுக்குடா என் உயிரை வாங்கறீங்க?"

"மதிப்பு தெரியணுமே ஆசாரி. ரெண்டு பவுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எங்க கூடத்துல இவ்வளவு பவுன் இருக்கறது எங்களுக்கே தெரியாது."

"பவுன்ல சொன்னேன். பவுன்னு சொல்லல."

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நால்வரும் பட்டறை வாசலில் நின்று கால் மணி நேரம் விவாதித்தார்கள். ஆசாரிக்குப் பயம், அதனால் மாற்றிப் பேசுகிறார் என்று பாவாடை தீர்ப்பு சொன்னார். கடைசியாக அந்தப் பெட்டியை வைத்தார்கள். பெட்டியைத் திறக்கும்படி மாஸ்டர் சொல்லாததால் பெட்டியோடேயே வைத்தார்கள்.

"எம்பது கிராம்" என்றார் ஆசாரி.

"அப்படின்னா பத்துப் பவுன்" என்றான் கொளஞ்சி மெல்ல. "மத்ததெல்லாம் ரெண்டு. மாஸ்டர் சண்டை மட்டும் பத்து. நான் நினைச்சேன்."

ஆசாரி கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை நாட்டு மருந்துக் கடையில் ஒரு சீசா விளக்கெண்ணெய் வாங்கினார்கள். கொளஞ்சி வீட்டிலிருந்து குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை கொண்டுவந்தான். அஞ்சாப்புலிக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம்.

"இமை மேல லேசா தடவிக்கிட்டா போதாதா அண்ணே?"

"தடவிக்கிட்டுன்னா சொன்னாரு? விட்டுக்கிட்டுன்னு சொன்னாரு. சொல்லுக்குச் சொல் பார்க்கணும். ஒரு எழுத்து மாறினதுல தூக்குக்குப் போனவன் இருக்கான், நான் பார்த்திருக்கேன்" என்றார் பாவாடை.

ஆளுக்கு ஒரு பாலாடை. இரண்டு கண்ணிலும். பிறகு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு டி.வி. இருக்கும் திசையை விசாரித்து உட்கார்ந்தார்கள். முதல் சி.டி. ஓடிற்று. கொளஞ்சி தடவித் தடவி நோட்டில் எழுதினான்: 'ஒன்று. பனிக்காலத்தில் எடுத்தது.' இரண்டாவதும் பனிக்காலத்தில் எடுத்ததாகத் தெரிந்தது. மூன்றாவதில் பனி இன்னும் அதிகம்.

"ஒருத்தன் ஓயாம கத்தறானே, அடி வாங்கறவனா?" என்றான் தனவேல்.

"இல்ல. அடி வாங்கறவன் மூச்சே விடல. வெளியே நாற்காலியில உட்கார்ந்திருக்கறவன்தான் கத்தறான்" என்றான் அஞ்சாப்புலி.

"அவனுக்கு என்ன வலி?"

"ரசிகனா இருப்பான்."

எண்ணெய் ஊற்றிய கண்ணோடு அவர்கள் கண்டுபிடித்த ஒரே உண்மை அது. அதையும் அவர்கள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

ரசிகருக்கு, மாணவருக்கு என்று பிரிப்பது எப்படி என்பதில் பெரிய சிக்கல் வந்தது. இரண்டு மணி நேரம் யோசித்தார்கள்.

"ரசிகன்னா உட்கார்ந்து பார்க்கறவன். மாணவன்னா வாத்தியார் முன்னாடி நிக்கறவன்" என்றான் தனவேல். "ஒவ்வொண்ணையும் ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்போம், ஒரு தடவை நின்னு பார்ப்போம். எப்ப தூக்கம் வராம இருக்கோ, அது அந்த ஆளுக்கு."

இது நியாயமாகப் பட்டது. மூன்று நாள் அப்படியே பார்த்தார்கள். உட்கார்ந்தபோதும் தூங்கினார்கள், நின்றபோதும் தூங்கினார்கள். பாவாடை நின்றபடியே தூங்குவதில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். அவர் ஒரு தடவைகூட விழவில்லை. முப்பத்தோரு சி.டி.யும் யாருக்கும் உதவாது என்று முடிவாயிற்று. ஊர் உலகத்தில் பயில்வான்கள் பல்லுடையப் போட்ட சண்டைகள் அத்தனையும் மந்தக்கோட்டையில் இப்படித் தோற்றுப்போயின.

சனிக்கிழமை காலை பத்துப் பவுன் சி.டி.யைப் போட்டார்கள். ஆளுக்கு இரண்டு பாலாடை எண்ணெய்.

"களத்துல ஒரே புகை" என்றான் அஞ்சாப்புலி.

"நடுவுல நெருப்பு வச்சிருக்காங்க. நெருப்பைச் சுத்திச் சண்டை. மாஸ்டர் நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லியே" என்றான் தனவேல்.

"நமக்கு இன்னும் அந்தத் தகுதி வரல" என்றான் கொளஞ்சி.

ஒரு வெள்ளை உருவம், ஒரு சிவப்பு உருவம். இரண்டும் கழுத்தில் கனமாக எதையோ மாற்றி மாற்றிப் போட்டன. வெள்ளை உருவம் சிவப்பு உருவத்தின் சுண்டு விரலை மட்டும் பிடித்தது. அந்த ஒற்றை விரல் பிடியிலேயே நெருப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு போயிற்று.

"சுண்டு விரலு" என்றான் அஞ்சாப்புலி. தன் சுண்டு விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "வெறும் சுண்டு விரலுடா."

பிறகு சிவப்பு உருவத்தின் காலைத் தூக்கிக் கல்லில் வைத்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு. ஒரு முடிச்சு போட்டதும் பின்னாலிருந்து ஒரு பெண் உருவம் புகுந்து மிச்ச முடிச்சுகளைப் போட்டது.

"கூட்டுச் சண்டை" என்று கொளஞ்சி எழுதினான்.

"யாரோ பலமா தட்டறாங்க. எதிராளி தோத்துட்டாங்க போல" என்றான் தனவேல்.

"அது மேளக்காரரு. எதிராளி தட்டவே இல்ல. குனிஞ்ச தலை நிமிராம தாங்கறாங்க. என்ன நெஞ்சுரம்" என்றான் கொளஞ்சி.

கடைசியில் ஒரு தட்டு நிறையச் சிவப்பாக எதையோ கொண்டுவந்து இருவர் முகத்துக்கும் நேரே சுற்றினார்கள். எல்லோரும் திடுக்கிட்டார்கள். ரத்தம் என்றால் தள்ளிவிட வேண்டும் என்பது மாஸ்டர் உத்தரவு.

பாவாடை வெகுநேரம் யோசித்தார். "ரத்தம் தெறிச்சாத்தான் தள்ளணும். இது தெறிக்கல. சிந்தாம தட்டுல பிடிச்சு வச்சிருக்காங்க. சுத்தமான விளையாட்டு."

மூன்று மணி நேரம் ஒருவரும் தூங்கவில்லை. கொளஞ்சி நோட்டில் எழுதினான்: 'ரசிகருக்கும் இதுவே. மாணவருக்கும் இதுவே.' எழுதி முடித்ததும் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம், "மாஸ்டர் என்னை நம்பினது வீண் போகல" என்றான். அவள் அவன் வீங்கிச் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதை அவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பார்வையாளர் பரசுராமன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற, அதிகம் பேசாத மனிதர். அதே நேரத்தில் மாஸ்டர் ஊன்றுகோலோடு, டீச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கொளஞ்சி இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் வந்து நோட்டை நீட்டினான். பரசுராமன் நாற்காலியில் உட்கார்ந்து புரட்டினார்.

"முப்பத்தொண்ணும் பனிக்காலமா?"

"ஆமாங்க. தேறல."

"தேறினது?"

"ஒண்ணே ஒண்ணு. பத்துப் பவுன் பெறும். எங்க மாஸ்டரே மோதினது. மூணு மணி நேரம், இடைவேளையே கிடையாது."

மாஸ்டர் நிமிர்ந்தார். தான் எப்போது மூன்று மணி நேரம் மோதினோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "யாரோட மோதினாரு?"

"அமிர்தவல்லின்னு ஒருத்தங்க, டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பழைய விஷயம்."

டீச்சர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சி கையைத் தட்டிவிட்டான். செயல்முறை விளக்கம் ஆரம்பமாகிவிட்டது.

அஞ்சாப்புலி மாஸ்டர் இடத்தில். பாவாடை எதிராளி இடத்தில். இரண்டு சைக்கிள் டயரைக் கழுத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அஞ்சாப்புலி பாவாடையின் சுண்டு விரலைப் பிடித்து, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனான். பாவாடை தலையைக் குனிந்துகொண்டே போனார். பரசுராமன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து கால். தனவேல் வீட்டிலிருந்து அம்மியைத் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். அஞ்சாப்புலி குனிந்து பாவாடையின் காலைத் தூக்கினான். ஐம்பத்திரண்டு வயசுக் கால் அவ்வளவு உயரம் போய்ப் பழக்கமில்லை. பாவாடை நிலை தவறி அஞ்சாப்புலி மேல் விழ, அஞ்சாப்புலியின் நெற்றி அம்மியில் போய் இடித்தது. அம்மிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நிலையிலும் அஞ்சாப்புலி விடவில்லை. ஸ்கிப்பிங் கயிற்றைப் பாவாடையின் கழுத்தில் போட்டு ஒரு முடிச்சு போட்டான். தனவேல் பின்னாலிருந்து புகுந்து மற்ற இரண்டையும் இறுக்கினான். பாவாடையின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அவர் தரையைப் படபடவென்று தட்டினார்.

"நீங்க தட்டக் கூடாது அண்ணே" என்றான் தனவேல் பொறுமையாக. "அது மேளக்காரர் வேலை."

டீச்சர்தான் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார். பாவாடை இருமி முடிக்கும்வரை பரசுராமன் காத்திருந்தார். பிறகு எழுந்தார்.

"முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுத்தவன் நான். எவ்வளவோ பார்த்திருக்கேன். முதல்ல உங்க நாலு பேர் தலைக்குள்ள ஏதாவது இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் அங்கீகாரத்தைப் பத்திப் பேசலாம்."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. மாஸ்டர் அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கொளஞ்சி அவர் அருகில் போய், "கவலைப்படாதீங்க மாஸ்டர். ஒரு சர்ட்டிபிகேட்தான் குறையுது" என்றான்.

திங்கட்கிழமை நால்வரும் தாலுகா ஆஸ்பத்திரியில் முதல் ஆட்களாக வரிசையில் நின்றார்கள். தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதித் தர வேண்டும் என்று பாவாடை டாக்டரிடம் முறையாக விண்ணப்பித்தார். சண்டைக்காரர்கள் என்று கேள்விப்பட்ட டாக்டர், அடி ஏதாவது பட்டிருக்குமோ என்று ஒவ்வொருவர் தலையையும் பொறுமையாக அழுத்திப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். நாலு சீட்டு எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து படித்தார்கள். கொளஞ்சிக்கு: 'தலையில் ஒன்றும் இல்லை.' தனவேலுக்கு: 'தலையில் ஒன்றும் இல்லை.' பாவாடைக்கும் அதுவே. அஞ்சாப்புலிக்கு மட்டும்: 'தலையில் சிறு புடைப்பு உள்ளது.'

வேப்பமரத்தடியில் நாலு சீட்டையும் வரிசையாக வைத்து மறுபடியும் படித்தார்கள்.

"நாலு பேர்ல இவன் தலையில மட்டும்தான் இருக்கு" என்றார் பாவாடை கடைசியில்.

"சின்னதுதான் அண்ணே" என்றான் அஞ்சாப்புலி அடக்கமாக.

"சின்னதோ பெருசோ, முத்திரை வச்சுக் கொடுத்திருக்காங்க."

கொளஞ்சி தன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வைக்கோல் வண்டி வருவதற்குள் சாமான்களை எடுத்துவிடலாம் என்று மாஸ்டர் ஊன்றுகோலோடு மில்லுக்கு வந்தார். உள்ளே ஏதோ இடிக்கும் சத்தம் சீராகக் கேட்டது. எட்டிப் பார்த்தார். கொளஞ்சி, தனவேல், பாவாடை மூவரும் மில்லின் பெரிய தூணைச் சுற்றி நின்று, முறை வைத்து ஒருவர் பின் ஒருவராக நெற்றியால் முட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சாப்புலி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா பண்றீங்க?" என்றார் மாஸ்டர்.

கொளஞ்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர். மத்தியானத்துக்குள்ள எங்க தலையிலயும் ஏதாவது வந்துடும்."